பதிவேட்டில் புன்செய், உள்ளே குடியிருப்பது நாங்கள்

எங்கள் ஊரில் வீடுகள் தெருத்தெருவாக இருக்காது. கொங்குப் பக்க வழக்கப்படி அவரவர் தோட்டத்திலேயே சாளை போட்டுக் குடியிருக்கிறோம். கல்குவாரிக்கு இது எவ்வளவு தோதாகப் போய்விடும் என்பது கருத்துக் கேட்புக் கூட்ட அறிவிப்பு வரும்வரை எனக்குத் தெரியாது.

ஊரின் கரட்டை, அதாவது சிறு பாறைக் குன்றை, ஒட்டி ஏற்கெனவே இரண்டு குவாரிகள் ஓடுகின்றன. மூன்றாவதற்கு விண்ணப்பம் வந்தது. தனியாகப் பார்த்தால் 5 ஹெக்டேருக்கும் குறைவு, கூட்டமே தேவைப்பட்டிருக்காது. ஆனால் 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளைச் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2016 ஜனவரி அறிவிக்கை சொல்வதால் கூட்டம் நடத்தியே ஆக வேண்டியதாயிற்று.

குவாரிக்கான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை வாங்கிப் படித்தேன். '300 மீட்டருக்குள் குடியிருப்பு ஏதுமில்லை' என்றிருந்தது. பகீரென்றது. என் பெரியம்மாவின் வீடு அந்த எல்லைக் கல்லிலிருந்து 180 மீட்டர். நானே டேப் பிடித்து அளந்தேன்.

அப்புறம்தான் விதியைத் தேடிப் படித்தேன். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் வெட்டக் குத்தகை தரக் கூடாது என்கிறது, 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளில் 36ஆவது விதி. ஆனால் குடியிருப்பு என்றால் வருவாய்த்துறைப் பதிவேட்டில் ஊர் நத்தமாகவோ வீட்டு மனையாகவோ இருக்க வேண்டும், அல்லது அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவாக இருக்க வேண்டும் என்று கூடவே ஒரு விளக்கமும் இருக்கிறது. மூன்று தலைமுறையாக நாங்கள் குடியிருக்கும் சாளை பதிவேட்டில் வெறும் புன்செய்.

பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வெடிச் சத்தத்துக்கு அவர் கணக்கு வைத்திருக்கிறார். சுவரில் விரிசல் எங்கே முடிகிறதோ அங்கே கரித்துண்டால் ஒரு குறுக்குக் கோடு. விரிசல் நீண்டால் அடுத்த கோடு. பொங்கலுக்கு வீடு முழுக்க வெள்ளையடித்தவர், அந்த ஒரு சாண் அகலத்தை மட்டும் தொடாமல் விட்டிருந்தார். பதினொரு கோடுகள். கடைசிக் கோடு காலண்டர் ஆணியைத் தொட்டிருந்தது. அதைப் படம் எடுத்துப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டேன்.

கூட்டத்துக்கு வர ஊரில் பலர் தயங்கினார்கள். 2025 ஜனவரியில் திருமயம் அருகே, குவாரிகள் மீது புகார் கொடுத்துவந்தவர் லாரி ஏற்றிக் கொல்லப்பட்ட செய்தி எல்லோர் மனதிலும் இருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மண்டபத்தின் முன்வரிசைகளில் கிரஷரில் வேலை செய்கிறவர்களும் டிப்பர் ஓட்டுகிறவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிலும் பாதிப் பேர் எனக்குச் சொந்தம்.

பெரியம்மா மைக்கைப் பிடித்தார். "ஐயா, என் வீடு உங்கள் படத்தில் இல்லையாம். அப்படியென்றால் நான் எங்கே படுத்துத் தூங்குகிறேன்?" என்று கேட்டார். முன்வரிசையில்கூட யாரும் வாய் திறக்கவில்லை.

நன்றியுரை சொல்லிக் கூட்டத்தை முடிக்கப் பார்த்தார்கள். பேசியவற்றின் தொகுப்பைக் கூட்ட முடிவில் மக்களுக்கு அவர்கள் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கையில் வைத்திருந்தேன். எழுந்து கேட்டேன். கொஞ்சம் முனகிவிட்டு வாசித்தார்கள். 'தூசி குறித்துச் சிலர் கருத்துத் தெரிவித்தனர்' என்று மட்டும் இருந்தது. விரிசலும் இல்லை, 180 மீட்டரும் இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்லிச் சேர்க்க வைத்தோம். வெளியே வரும்போது இருட்டிவிட்டது. இந்த ஒன்றை மட்டும் எந்த ஊர்க்காரரும் விட்டுவிடாதீர்கள்: வாசிக்காமல் கலைய விடாதீர்கள்.

அனுமதி இன்னும் முடிவாகவில்லை. அது மறுக்கப்பட்டாலும் விதியில் அந்த விளக்கம் மாறாதவரை அடுத்த விண்ணப்பம் வரத்தான் செய்யும். ஆற்று மணலுக்குப் பதில் பாறையை அரைத்துச் செய்யும் எம்-சாண்ட் என்றாகிவிட்ட பிறகு கரட்டுக்கெல்லாம் விலை வந்துவிட்டது. கட்டடத்துக்கு ஜல்லி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆள் குடியிருக்கும் வீட்டை வீடு என்று எழுதுங்கள் என்கிறோம். வீட்டு வரி ரசீதையோ மின் இணைப்பையோ ஆதாரமாக ஏற்றால்கூடப் போதும்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கப் போகிறோம். தோட்டத்து வீடுகளுக்காக உங்கள் ஊரில் ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தால் அதன் வாசகத்தை அனுப்புங்கள். எங்களுடையதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.