ஒரு சிப்பாய் அதிகமாக இருந்தும் ஜெயிக்க முடியவில்லை. எதைப் படிக்க வேண்டும்?

மஸ்கெலியா குதிரை:

எல்லோருக்கும் வணக்கம். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். பகலில் முன்பள்ளியில் வேலை, இரவு எட்டரைக்கு மேல் லிசெஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் ஆட்டம். லயத்துக்குள் (தோட்டத்து வரிசை வீட்டுக்குள்) சிக்னல் நிற்காது. வாசலில் தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டு கோடு வரும், மழை இறங்கினால் அதுவும் போய்விடும். ஆட்டம் நடுவில் அறுந்துவிடுமே என்ற பயத்தில் எப்போதும் மூன்று நிமிட ஆட்டம்தான் ஆடுகிறேன்.

எட்டு மாதமாக ரேட்டிங் 1480க்கும் 1530க்கும் நடுவில் நிற்கிறது. தொடக்கம் பரவாயில்லை, குதிரையை வைத்து இரண்டு காயைச் சேர்த்துத் தாக்குவதும் கண்ணில் படுகிறது. ஒரு சிப்பாய் கூட எடுத்துக்கொண்டு கடைசி வரைக்கும் வந்துவிடுவேன். அங்கேதான் நழுவுகிறது. நேற்று நடந்தது இது. நான் வெள்ளை. என் ராஜா டி3 (டி என்பது மேல்கீழ்க் கோடு, 3 என்பது குறுக்கு வரிசை), சிப்பாய் ஈ2, எதிராளியின் ராஜா ஈ6, வேறு காய் இல்லை, என் முறை. சிப்பாயை ஈ4க்குத் தள்ளினேன். அவர் ராஜா ஈ5க்கு வந்து எதிரில் நின்றது. அதற்குப் பிறகு நான் என்ன செய்தும் நகரவில்லை, டிரா.

சனிக்கிழமைகளில் தோட்டத்துப் பிள்ளைகள் ஆறு பேருக்கு செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு போர்ட் இருக்கிறது. ஒன்றில் கறுப்பு யானை தொலைந்து சோடா மூடி வைத்து ஆடுகிறோம். போன வாரம் ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி, "மிஸ், ஒரு சிப்பாய் கூட இருந்தா எப்பவும் ஜெயிச்சிரலாமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அது மனதில் அப்படியே இருக்கிறது. எங்கிருந்து தொடங்கட்டும்?

கொட்டகலை 64:

அக்கா, எனக்கும் சிக்னல் பிரச்சினைதான். லிசெஸ் ஆப்பில் புதிர்கள் கொஞ்சம் முன்கூட்டியே இறங்கி இருக்கும், சிக்னல் இல்லாமலும் போடலாம். நான் ஹட்டன் பஸ்ஸில் போகும்போது அதைத்தான் செய்கிறேன். வீட்டில் சிக்னல் இருக்கும் நேரத்தில் புதிர் வகைகளில் சிப்பாய் இறுதியாட்டம் என்று தனியாக இருப்பதை எடுத்துப் போடுங்கள். புதுத் தொடக்கம் எதுவும் இப்போது வேண்டாம். நான் ஆறு மாதம் அதிலேயே போக்கினேன், ஒன்றும் ஏறவில்லை.

பதுளை கணக்கு சேர்:

பிள்ளை, உங்கள் நிலையை போர்ட்டில் வைத்துப் பார்த்தேன். அது டிரா இல்லை, சுத்தமான ஜெயம். ஈ4 தள்ளிய அந்த ஒரு நகர்வில்தான் போய்விட்டது.

சிப்பாயைத் தொடாமல் ராஜாவை ஈ4க்குக் கொண்டுபோங்கள். இப்போது இரண்டு ராஜாவும் ஒரே கோட்டில், நடுவில் ஒரு கட்டம், நகர வேண்டியது அவர். இதைத்தான் ஒப்பொசிஷன் என்கிறோம். அவர் டி6க்கு ஒதுங்கினால் நீங்கள் எஃப்5, எஃப்6க்கு ஒதுங்கினால் நீங்கள் டி5. அவர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறாரோ அதற்கு மறுபக்கம் நீங்கள் முன்னேறுவீர்கள். எங்காவது நேருக்கு நேர் நின்று உங்கள் முறை வந்துவிட்டால் பயப்படாதீர்கள். சிப்பாய் இன்னும் ஈ2விலேயே இருக்கிறது. ஈ3 என்று ஒரு அடி வைத்தால் முறை அவரிடம் போய்விடும். சிப்பாயை அவசரமாகத் தள்ளாமல் வைத்திருப்பது அந்த ஒரு அடிக்காகத்தான். உங்கள் ராஜா ஆறாவது வரிசையில் சிப்பாய்க்கு முன்னால் ஏறி நின்றுவிட்டால் யார் முறையாக இருந்தாலும் ஜெயம். பாதை வெட்டுவது ராஜாவின் வேலை, சிப்பாய் பின்னால் வரட்டும்.

இது சின்னப் பாடம் என்று நினைக்காதீர்கள். 2024 டிசம்பர் 12இல் சிங்கப்பூரில் உலகப் பட்டம் இதே இடத்தில்தான் முடிந்தது. பதினான்காவது ஆட்டம். குகேஷுக்குக் கறுப்பு, ஒரு சிப்பாய் அதிகம். ஆனால் டிராவுக்குப் போகிற நிலை. 55ஆவது நகர்வில் டிங் லிரன் யானையை எஃப்2வில் வைத்தார். குகேஷ் யானையை வெட்டி, பிஷப்பையும் மாற்றிக்கொண்டார். மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும். 58ஆவது நகர்வில் டிங்கின் ராஜா ஈ3, குகேஷ் தன் ராஜாவை ஈ5இல் கொண்டுவந்து நிறுத்தினார். டிங் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகொடுத்துவிட்டார். உங்கள் எதிராளி நேற்று வந்து நின்ற அதே ஈ5! பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆன பையனின் கடைசி நகர்வு அது. எனக்கு இன்றைக்கும் நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

மூன்று நிமிட ஆட்டத்தில் இதை யோசிக்க நேரம் ஏது? பதினைந்து நிமிடம், நகர்வுக்குப் பத்து வினாடி கூட்டல் என்று ஆடுங்கள். சிக்னல் இருபது வினாடி போய் வந்தாலும் அந்தக் கூட்டலில் ஈடுகட்டலாம். முடிந்ததும் கம்ப்யூட்டர் சொல்வதைப் பார்க்கும் முன், எங்கே தவறியது என்று நீங்களே ஒரு வரி எழுதி வையுங்கள்.

மஸ்கெலியா குதிரை:

சேர், மிக்க நன்றி. சோடா மூடி போர்ட்டிலேயே வைத்து நாலு தரம் ஆடிப் பார்த்தேன், விளங்குகிறது. ஆனால் பதினைந்து நிமிட ஆட்டம் என்றால் இரண்டு பேருக்குமாக முக்கால் மணி போகும். இந்தப் பனியில் அவ்வளவு நேரம் வாசலில் உட்கார அம்மா விடமாட்டார்.

பதுளை கணக்கு சேர்:

அம்மா சொல்வது சரி. அப்படியென்றால் கிழமைக்கு ஒரு நீண்ட ஆட்டம் போதும், மற்ற நாளில் கடித ஆட்டம் ஆடுங்கள். ஒரு நகர்வுக்கு மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம். காலையில் ஒரு நிமிடம் சிக்னல் கிடைத்தால் அனுப்பிவிட்டுப் போகலாம், பகல் முழுவதும் மனதுக்குள் யோசிக்கலாம். தொடக்க நகர்வுகளைப் பார்த்து ஆட அங்கே அனுமதி உண்டு. கம்ப்யூட்டரைக் கேட்கக் கூடாது, அவ்வளவுதான். நானே உங்களுக்குச் சவால் அனுப்புகிறேன்.

மஸ்கெலியா குதிரை:

இன்றைக்குப் பிள்ளைகளுக்குக் காட்டினேன், சேர். ஒவ்வொருவரும் வெள்ளையில் ஒரு தரம், கறுப்பில் ஒரு தரம். ஆறு பேரில் நாலு பேர் ஜெயித்துக் காட்டினார்கள். கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை விடவில்லை. சிப்பாயை எடுத்து ஏ2வில் வைத்து, "இங்க இருந்தா?" என்று கேட்கிறாள். ஆடிப் பார்த்தோம், ஜெயிக்கவே முடியவில்லை. நாங்கள் பிழையாக ஆடுகிறோமா?

பதுளை கணக்கு சேர்:

பிழை இல்லை. ஓரத்துச் சிப்பாய்க்கு அந்தக் கணக்கு செல்லாது. கறுப்பு ராஜா ஏ8 மூலைக்குள் புகுந்துவிட்டால் வெளியே தள்ள வழியில்லை, ஸ்டேல்மேட்டில்தான், அதாவது செக் இல்லாமலே நகர இடமில்லாத டிராவில்தான் முடியும். எப்பவும் ஜெயிக்க முடியாது என்பதை அவளே கண்டுபிடித்துவிட்டாள் என்று சொல்லுங்கள். நம் ஆட்டத்தில் நான் டி4 வைத்திருக்கிறேன், உங்கள் முறை.