‘முதல் வீரர்’ என்று எழுதும்போது விடுபடும் ஒரு சொல்

இழை தொடங்கியவர்:

டென்னிஸில் ஆண்கள் செய்ததையும் பெண்கள் செய்ததையும் ஊடகம் எப்படி எழுதுகிறது என்பதற்கு நீங்கள் பார்த்த உதாரணங்களைப் பகிருங்கள். எது பிழை, ஏன் வந்தது, எப்படித் திருத்தலாம் என்பதோடு சேர்த்து எழுதினால் எல்லாருக்கும் பயன்படும்.

நான் 2017 விம்பிள்டனில் தொடங்குகிறேன். ஜூலை 12, காலிறுதி. சாம் குவெரியிடம் தோற்ற ஆண்டி மர்ரே பத்திரிகையாளர் சந்திப்பில் உட்கார்ந்திருக்கிறார். “2009-க்குப் பிறகு கிராண்ட்ஸ்லாம் அரையிறுதிக்கு வந்த முதல் அமெரிக்க வீரர் சாம்...” என்று ஒருவர் கேள்வியை ஆரம்பிக்கிறார். கேள்வி முடியவில்லை. “ஆண் வீரர்” என்கிறார் மர்ரே. நிருபருக்குப் பிடிபடவில்லை, மன்னிக்கவும் என்கிறார். “ஆண் வீரர்தானே?” என்று மர்ரே மறுபடியும் சொல்கிறார்.

அந்த 2009 அரையிறுதி நடந்த விம்பிள்டனுக்கும் இந்தக் கேள்விக்கும் இடையில் செரீனா வில்லியம்ஸ் வென்ற ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் (ஆண்டின் நான்கு பெரிய டென்னிஸ் போட்டிகள்) பட்டங்கள் மட்டும் 12. அவ்வளவு பின்னால்கூடப் போக வேண்டாம். முந்தைய நாள்தான், அதே மைதானத்தில் வீனஸ் வில்லியம்ஸ் ஓஸ்டபென்கோவை வென்று அரையிறுதிக்குள் நுழைந்திருந்தார்.

விளையாட்டுப் பக்க உதவி ஆசிரியர்:

தமிழில் இந்தப் பிழை இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ளும். காரணம் ‘வீரர்’ என்ற சொல். அது ஆணையும் குறிக்கும், பொதுவாக ஆடுபவரையும் குறிக்கும். “20 கிராண்ட்ஸ்லாம் வென்ற முதல் வீரர் ஃபெடரர்” என்று 2018 ஜனவரியில் எழுதினால், எழுதியவர் ‘ஆண் வீரர்’ என்ற பொருளில்தான் எழுதினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். படிப்பவருக்கு அது ‘உலகில் முதல் ஆள்’ என்றே போய்ச் சேரும். அன்றைக்கே மார்கரெட் கோர்ட் 24, செரீனா 23, ஸ்டெஃபி கிராஃப் 22 என்று மூன்று பேர் அவருக்கு மேலே இருந்தார்கள்.

இதன் மறுபக்கத்தை யாரும் கவனிப்பதில்லை. ‘வீராங்கனை’ பெண்ணை மட்டும்தான் குறிக்கும். 2021 அமெரிக்க ஓபனில் எம்மா ரடுகானு பட்டம் வென்றபோது, “தகுதிச் சுற்றிலிருந்து வந்து கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் வீராங்கனை” என்று எழுதினால் அது சாதனையைப் பாதியாக வெட்டுகிறது. அதை எந்த ஆணும் செய்ததில்லை. “ஆண், பெண் இருபாலரிலும் முதல் நபர்” என்பதே சரி. நவோமி ஒசாகா 2018-ல் வென்றதும் இப்படித்தான்: ஒற்றையர் கிராண்ட்ஸ்லாம் வென்ற முதல் ஜப்பானியர் அவர், ‘முதல் ஜப்பானியப் பெண்’ மட்டும் அல்ல.

ஆக ஒரே பழக்கம் இரண்டு பக்கமும் கெடுக்கிறது. ஆணின் சாதனை இருப்பதைவிடப் பெரிதாகிறது, பெண்ணுடையது சிறிதாகிறது.

நான் பரிந்துரைக்கும் சோதனை எளிது. வாக்கியத்தில் ‘முதல்’, ‘அதிக’, ‘மிக மூத்த’, ‘இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு’ என்று வந்தால், பக்கத்தில் ‘ஆணோ பெண்ணோ’ என்று போட்டு ஒருமுறை வாசியுங்கள். உண்மையாக நின்றால் அதை வெளிப்படையாகவே எழுதுங்கள். நிற்காவிட்டால் ‘ஆண்களில்’ சேருங்கள்.

பழைய முடிவுகளைத் தொகுப்பவர்:

மேலே சொன்ன சோதனைக்கு ஒரு துணைச் சோதனை உண்டு: பிரிவு, அதாவது ஒற்றையரா இரட்டையரா என்பது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் மர்ரே ஒற்றையர் தங்கம் வென்றதும், டென்னிஸில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஆள் நீங்கள் என்று தொலைக்காட்சி நேர்காணலில் அவரிடம் சொன்னார்கள். வீனஸும் செரீனாவும் ஆளுக்கு நான்கு வென்றிருக்கிறார்கள் என்று அவரே நினைவூட்டினார். கணக்கு: வீனஸ் 2000-ல் ஒற்றையர், செரீனா 2012-ல் ஒற்றையர், இருவரும் சேர்ந்து 2000, 2008, 2012 இரட்டையர்.

இங்கே ‘ஆண்களில்’ என்று சேர்த்தாலும் பிழை தீராது. 2004 ஏதென்ஸில் சிலியின் நிக்கோலஸ் மாஸு ஒற்றையர், இரட்டையர் இரண்டிலும் தங்கம் வென்றவர். விடுபட்ட சொல் ‘ஒற்றையரில்’. ஒற்றையரில் இரண்டு தங்கம் என்றால் மர்ரேதான் முதல், இருபாலரிலும். சரியான சொல்லைப் போட்டால் அவருடைய பெருமையும் குறையவில்லை என்பதைப் பாருங்கள்.

பெண்களின் எண்ணிக்கையைச் சரிபார்ப்பவர்கள் பெயர் மாற்றத்திலும் கவனமாக இருக்க வேண்டும். விம்பிள்டன் வெற்றியாளர் பலகையில் பல காலம் பெண்களுக்கு மட்டும் செல்வி, திருமதி அடைமொழி இருந்தது. திருமணமானவர்களுக்குக் கணவரின் முதலெழுத்துகள்தான். கிறிஸ் எவர்ட் 1974, 1976-ல் செல்வி எவர்ட். 1981-ல் திருமதி ஜே. எம். லாயிட். பெயரை மட்டும் பார்த்து எண்ணினால் மூன்று பட்டம் இரண்டாகிவிடும். மார்கரெட் கோர்ட்டின் 24-ல் 13 அவர் மார்கரெட் ஸ்மித்தாக வென்றவை, 11 திருமணத்துக்குப் பிறகு. தொழில்முறை ஆட்டக்காரர்களும் கிராண்ட்ஸ்லாமில் ஆட அனுமதிக்கப்பட்ட ஓபன் சகாப்தம் 1968-ல் தொடங்கியதால், அதற்கு முன், பின் என்று எண்ணினாலும் அதே 13, 11 என்றுதான் பிரிகிறது. 2022-ல் பலகையிலிருந்து அந்த அடைமொழிகளை எடுத்துவிட்டார்கள். நடுவர் ஸ்கோர் சொல்லும்போது செல்வி, திருமதி சேர்ப்பது 2019-லேயே நின்றது.

ஒரு வாசகர்:

ஆண்கள் டென்னிஸை நடத்தும் ஏடிபி, பெண்கள் டென்னிஸை நடத்தும் டபிள்யூடிஏ இரண்டும் தனித்தனி அமைப்புகள், தரவரிசையும் தனித்தனி. ஆண்கள் ஆட்டச் செய்தியில் ‘முதல்’ என்றால் ஆண்களில் என்று படிப்பவருக்குத் தெரியாதா சார்?

விளையாட்டுப் பக்க உதவி ஆசிரியர்:

தெரியும் என்றால் பெண்கள் ஆட்டச் செய்தியிலும் ‘மகளிர்’ தேவையில்லையே. அங்கே ஒருமுறைகூட விடுவதில்லை, இங்கேதான் விடுகிறோம். அதோடு, செய்தி செய்தியாக மட்டும் நிற்பதில்லை. அதிலிருந்து நடப்பு நிகழ்வுகள் தொகுப்புக்குப் போகிறது, அங்கிருந்து தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் நோட்டுக்குப் போகிறது. ‘ஆண்களில்’ என்ற ஒரு சொல் விடுபட்டால் அந்தப் பிள்ளை மனப்பாடம் செய்வது தவறான விடையை.

தரவரிசையில் நம்பர் 1 ஆக ஒருவர் மொத்தம் எத்தனை வாரம் இருந்தார் என்ற கணக்கைப் பாருங்கள். 2021 மார்ச்சில் ஜோகோவிச் 311-வது வாரத்தைத் தொட்டு ஃபெடரரின் 310-ஐத் தாண்டினார். அப்போதே கிராஃப் 377, நவ்ரத்திலோவா 332, செரீனா 319. ‘ஆண்களில்’ என்று எழுதாமல் அதை உலக சாதனை என்றால் பிழை. 2023 பிப்ரவரியில் அவர் 378-ஐ எட்டியபோதுதான் கிராஃபின் பெயர் எங்கும் தலைப்புக்கு வந்தது. அவர் பெயர் 2021 பெட்டிச் செய்தியிலேயே இருந்திருக்க வேண்டும். வாரப் பட்டியல் போடும்போது இருபாலரையும் ஒரே அட்டவணையில், பெயருக்கு எதிரே ஆணா பெண்ணா என்று குறித்துப் போடுங்கள். ஐந்து வரிக்கு மேல் இடம் பிடிக்காது.

இரட்டையர் ஆட்டங்களைத் தொடர்பவர்:

இந்தியச் செய்திகளுக்கு வருகிறேன். 2024 ஜனவரியில் ரோகன் போபண்ணா இரட்டையர் நம்பர் 1 ஆனது உறுதியானது. அந்த இடத்துக்கு வந்த இந்தியர்களில் அவர் நான்காமவர். மூன்றாமவர் என்று எண்ணினால் சானியா மிர்சா விடுபட்டார் என்று பொருள். சானியா 2015 ஏப்ரலில் முதலிடம் பிடித்து, மொத்தம் 91 வாரம் அங்கே இருந்தவர். பயஸ், பூபதி, சானியா, போபண்ணா என்று நான்கு பெயரையும் எழுதிவிட்டால் எண்ணில் தவறு வராது.

அதே மாதம் மெல்போர்னில் மேத்யூ எப்டனுடன் சேர்ந்து போபண்ணா ஆஸ்திரேலிய ஓபன் வென்றார், 43 வயதில். ‘கிராண்ட்ஸ்லாம் வென்ற மிக மூத்தவர்’ என்று போட்டால் தவறு. மார்ட்டினா நவ்ரத்திலோவா 2006 அமெரிக்க ஓபன் கலப்பு இரட்டையரை பாப் பிரையனுடன் வென்றபோது வயது 49, அடுத்த மாதம் 50. போபண்ணாவுக்கு எழுத வேண்டியது: “ஓபன் சகாப்தத்தில் ஆண்கள் இரட்டையர் கிராண்ட்ஸ்லாம் வென்ற மிக மூத்தவர்.” நீளம்தான். தலைப்பில் “43 வயதில் கிராண்ட்ஸ்லாம்: போபண்ணா அசத்தல்” என்று வைத்து, முழு வாக்கியத்தை முதல் பத்தியில் கொடுத்தால் போதும்.

கலப்பு இரட்டையரில் இன்னொரு பெரிய குறை உண்டு. லியாண்டர் பயஸின் 18 கிராண்ட்ஸ்லாம் பட்டங்களில் 10 கலப்பு இரட்டையர். கூட ஆடியவர்கள் லிசா ரேமண்ட் (1), நவ்ரத்திலோவா (2), காரா பிளாக் (3), மார்ட்டினா ஹிங்கிஸ் (4). ‘பயஸுக்கு 18’ என்று சொல்லும் செய்தியில் இந்த நான்கு பேரைத் தேடினால் கிடைப்பது அரிது. ஒருவர் பெயரை மட்டும் தலைப்பில் வைத்தால், மற்றவர் பெயர் முதல் வாக்கியத்திலேயே வந்தாக வேண்டும். ‘ஜோடி’ என்ற சொல்லுக்குள் அவரை மறைக்கக் கூடாது. இது சானியாவோடு ஆடிய ஆண்களுக்கும் பொருந்தும்.

பழைய முடிவுகளைத் தொகுப்பவர்:

சென்னைக்காரர்களுக்கு நெருக்கமான ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன். 2024 ஜூலையில் நியூபோர்ட்டில் விஜய் அமிர்தராஜும் பயஸும் சர்வதேச டென்னிஸ் புகழரங்கில் சேர்க்கப்பட்டார்கள். நமக்கெல்லாம் மகிழ்ச்சியான நாள். ஆனால் ‘முதல் ஆசியர்கள்’ என்று எழுதினால் சீனாவின் லீ நாவை அழித்துவிடுகிறோம். அவர் 2019-லேயே அங்கே இடம் பெற்றவர், 2011 பிரெஞ்சு ஓபனும் 2014 ஆஸ்திரேலிய ஓபனும் வென்றவர். ‘முதல் ஆசிய ஆண்கள்’ என்பதே சரி. ‘முதல் இந்தியர்கள்’ என்று எழுதினால் எந்த அடைமொழியும் வேண்டாம், அது அப்படியே உண்மை.

நம் பக்கத்துச் செய்தி இன்னொன்றும் இதே கவனம் கேட்கிறது. கோவை நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓபன் முதல் சுற்றில் இத்தாலியின் குளோரியா பிஸிகினியை வென்றார். ஓபன் சகாப்தத்தில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் வெற்றி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். சானியாவின் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் வெற்றி வரிசையைப் பெட்டிச் செய்தியாகப் போடும்போது அவர் முதல் வெற்றி பெற்ற 2005-ல் தொடங்காமல் இந்த 1998 வரியை மேலே வையுங்கள்.