நீலக் குளிசை எடுத்தால் தோல் புற்றுநோய் வருமா?

வெள்ளவத்தையான்:
மூத்த அண்ணருக்கு 58 வயது, சீனி வருத்தம் 12 வருடமாக இருக்கிறது. ஆண்மைக் குறைவுக்கு சில்டெனாஃபில் என்ற நீலக் குளிசை எடுக்கிறவர். நேற்று யாரோ வாட்ஸ்அப்பில் ‘இது மெலனோமா என்ற ஆபத்தான தோல் புற்றுநோயைக் கொண்டுவரும்’ என்று அனுப்ப, மனுஷன் குளிசை அட்டையைத் தூக்கி அலுமாரிக்கு மேல் எறிந்துவிட்டார். உண்மையா?

கொட்டாஞ்சேனை ராசா:
அண்ணர் செய்தது சரி. இது கட்டுக்கதை இல்லை. அமெரிக்காவில் ஏறத்தாழ 26,000 ஆண்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்து 2014இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சில்டெனாஃபில் எடுத்தவர்களிடம் மெலனோமா 84 சதவீதம் கூட. காரணமும் இருக்கிறது. இந்தக் குளிசை தடுக்கிற பிடிஈ5 என்ற நொதியத்தை, பிராஃப் என்ற மரபணு மாறிய மெலனோமாக் கலங்கள் தாங்களே குறைத்துக்கொண்டுதான் பரவுகின்றன. குளிசையும் அதே நொதியத்தைத்தானே அடக்குகிறது.

பாமசிக்காரன்:
ராசா, அந்த 26,000 பேரில் மெலனோமா வந்தவர்கள் மொத்தம் 142 பேர். அதைச் சொல்லாமல் 84 என்றால் யாருக்கும் நெஞ்சு திக்கென்னும். அடுத்த வருடமே சுவீடனில் 4,000க்கு மேற்பட்ட மெலனோமா நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். 21 சதவீதம்தான் கூட. அதுவும் ஒரே ஒரு தடவை டொக்டரின் துண்டு காட்டி வாங்கியவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது, திரும்பத் திரும்ப வாங்கியவர்களிடம் இல்லை. மருந்துதான் காரணமென்றால் கூட விழுங்கினவனுக்கல்லவா கூட வரவேணும்?

கொட்டாஞ்சேனை ராசா:
21 என்றாலும் பூச்சியம் இல்லையே. அமெரிக்க ஆய்வில் வெயில் பழக்கத்தையும் கணக்கில் எடுத்துத்தான் சொன்னார்கள்.

பாமசிக்காரன்:
எடுத்தார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாழ்க்கை முழுக்கப் பட்ட வெயிலை ஒரு கேள்வித்தாளில் அளக்க ஏலுமா? சுவீடனில் இந்த மருந்து வாங்கியவர்கள் படித்தவர்கள், வசதியானவர்கள். விடுமுறைக்குக் கடற்கரையில் போய்ப் படுக்கிற ஆட்கள், தோலில் ஒரு மச்சம் மாறினாலும் உடனே டொக்டரிடம் ஓடுகிற ஆட்கள். கூடுதலாகத் தெரிந்ததும் ஆரம்பக் கட்ட மெலனோமாதான், முற்றியது இல்லை. பிரிட்டன் ஆய்வில், வெயில் பட்டு வருகிற சொரசொரப்பான தோல் திட்டும் இந்த மருந்து எடுத்தவர்களிடம் கூடுதலாக இருந்தது. குளிசையா திட்டைக் கொண்டுவந்தது?

நம்மவர்களின் தோலுக்கு மெலனோமாவே அரிது. வந்தாலும் உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும்தான் பெரும்பாலும். நகத்தில் கறுப்புக் கோடு அகன்றுகொண்டு போனால் காட்டுங்கள், குளிசை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும்.

எனக்குப் பயம் வேறு. கவுண்டரில் குரலைத் தாழ்த்தி, துண்டில்லாமல் ‘அது இரண்டு தாங்கோ’ என்று கேட்கிறவர்களில் பாதிப்பேருக்குப் பிரஷர், சீனி. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுக்கிறவர் இதையும் போட்டால் இரத்த அழுத்தம் சடாரென்று விழும். ஆள் போய்விடலாம். வெள்ளவத்தையான், அண்ணர் இதயத்துக்கு ஏதும் எடுக்கிறாரா?

வெள்ளவத்தையான்:
சேட்டுப் பொக்கற்றில் சின்ன மண்ணிறப் போத்தல் ஒன்று வைத்திருப்பார். நெஞ்சு இறுகினால் நாக்குக்குக் கீழே வைக்கிறது.

பாமசிக்காரன்:
அதுதான் நைட்ரேட்! இரண்டும் சேரவே கூடாது. நீலக் குளிசையை இனித் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். நாளைக்கே போத்தலையும் அட்டையையும் டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். இதை எழுதிக் கொடுத்தவருக்குப் போத்தல் விஷயம் தெரியுமா?

வெள்ளவத்தையான்:
எழுதிக் கொடுத்தவர் என்று ஒருவரும் இல்லை. கூட்டாளி ஒருவர் கொடுத்த அட்டை.

கொட்டாஞ்சேனை ராசா:
பார்த்தீர்களா, கடைசியில் அட்டை அலுமாரிக்கு மேலேதான்.