பழைய புயல்: ஆதாரங்கள் முரண்பட்டால் எதை எடுப்பது?

கேள்வி
1980களில் கரை கடந்த ஒரு புயலைப் பற்றித் தகவல் தொகுக்கிறேன். உச்சக் காற்று வேகம் ஓர் ஆவணத்தில் மணிக்கு 185 கி.மீ., இன்னொன்றில் 165. கரை கடந்த தேதியும் ஒரு நாள் இடிக்கிறது. இறந்தவர் கணக்கோ நாளிதழுக்கு நாளிதழ் வேறு. எதை நம்புவது?

பதில் 1
வேகம் இரண்டுமே சரியாக இருக்கலாம், காற்றை எத்தனை நிமிடத்துக்குச் சராசரி எடுப்பது என்பது மையத்துக்கு மையம் மாறும். அமெரிக்க மையங்கள் 1 நிமிடச் சராசரி தருகின்றன. உலக வானிலை அமைப்பின் அளவு 10 நிமிடம். இந்திய வானிலை ஆய்வுத் துறையோ 3 நிமிடம். 185 என்பது 100 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற அலகு). 1 நிமிட அளவை 10 நிமிடத்துக்கு மாற்ற 0.88 முதல் 0.93 வரை பெருக்குவார்கள். 163 முதல் 172 வரை வரும். உங்கள் 165 அதற்குள் உட்காருகிறது. தயவுசெய்து இரண்டையும் கூட்டி வகுத்து 175 என்று எழுதிவிடாதீர்கள், அப்படி ஓர் அளவை யாருமே பதியவில்லை. எந்த மையம், எத்தனை நிமிடச் சராசரி என்பதோடு இரண்டையும் கொடுங்கள். செய்தித்தாள் வேகம் என்றால், அது சராசரியா, "இடையிடையே" சில வினாடி மட்டும் வேகமெடுத்த வீச்சின் வேகமா என்றும் பாருங்கள்.

தேதிக்குக் காரணம் பெரும்பாலும் நேரக்கணக்கு. உலகப் பொது நேரம் 20:00 என்றால், ஐந்தரை மணி நேரம் முன்னே இருக்கும் ஊரில் மறுநாள் அதிகாலை 1:30.

பதில் 2
இறப்புக் கணக்கில் பத்து நாளிதழ் இருந்தால் பத்து ஆதாரம் என்று அர்த்தமில்லை. செய்தி நிறுவனம் அனுப்பிய ஒரே செய்தியை எல்லோரும் போட்டிருப்பார்கள். ஊர்ப் பெயரில் ஒரே எழுத்துப்பிழை எல்லாவற்றிலும் வந்தால் அது ஒரே ஆதாரம்தான். முதல் வாரக் கணக்கில் காணாமல் போனவர்களும் கலந்திருப்பார்கள். மாதங்கள் கழித்து வந்த அரசு அறிக்கைக்கே முதலிடம். அப்படியும் தெளியாவிட்டால் வரம்பாக எழுதுங்கள். 1970 போலா புயலுக்கு இன்றும் 3 முதல் 5 லட்சம் என்றுதான் எழுதுகிறார்கள்.

பதில் 3
அளந்ததா, மதிப்பிட்டதா என்பதையும் பிரித்துவிடுங்கள். கடலில் இருந்த புயலின் வேகம் பெரும்பாலும் செயற்கைக்கோள் படத்தின் மேக அமைப்பை வைத்து டிவோராக் முறையில் கணித்ததாக இருக்கும். அதை 5 நாட்டின் மடங்காக முழுமையாக்கியும் இருப்பார்கள். அளந்த எண்ணும் உடனே செல்லாது: 1996இல் ஒலிவியா புயலின்போது ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் பதிவான 408 கி.மீ. வீச்சை, கருவியை ஆராய்ந்த பிறகு 2010இல்தான் உலக வானிலை அமைப்பு சாதனையாக ஏற்றது.

காற்றுமானி உடைந்தாலும் காற்றழுத்தமானி ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் அழுத்தப் பதிவைத் தேடுங்கள்; அழுத்தம் குறையக் குறையப் புயல் வலுவானது. ஆனால் கடல் மட்டத்துக்குத் திருத்தியதா என்று பார்க்க வேண்டும். தரையருகே சுமார் 8 மீட்டர் உயரத்துக்கு 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) குறையும். 40 மீட்டர் உயர நிலையத்தின் திருத்தாத பதிவு 5 ஹெக்டோபாஸ்கல் குறைவாகக் காட்டும்; புயல் இருந்ததைவிட வலுவாகத் தெரியும்.