வளைந்த மரத் தடுப்பு: எங்கள் வீட்டுப் புதுப்பிப்பு அனுபவம்

கூடத்துக்கும் படிப்பறைக்கும் நடுவே இருந்த நேரான தடுப்பை எடுத்துவிட்டு, அங்கே வளைந்த மரத் தடுப்பு ஒன்றை எழுப்பினோம். மரத்தை வளைப்பதுதான் பெரிய வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பாடுபட வேண்டியிருந்தது வளைவைச் சரியாக வரைந்து எடுப்பதற்குத்தான்.

தடுப்பின் இரு முனைகளுக்கும் இடையே நேர்கோட்டில் 2400 மி.மீ., நடுவில் புடைப்பு 300 மி.மீ. என்று முடிவு செய்தோம். நேர்கோட்டு நீளத்தின் வர்க்கத்தைப் புடைப்பின் எட்டு மடங்கால் வகுத்து, விடையோடு புடைப்பில் பாதியைக் கூட்டினால் வளைவின் ஆரம் கிடைக்கும். எங்களுக்கு 2550 மி.மீ. வந்தது. வட்டத்தின் மையம் பக்கத்து அறைச் சுவருக்கு அப்பால் விழுந்ததால், ஒரு முனையில் ஆணியும் மறுமுனையில் பென்சிலும் பொருத்திய நீண்ட ரீப்பரை வெளியே திறந்த இடத்துக்குக் கொண்டுபோய், அங்கே பிளைவுட்டில் வளைவை வரைந்து வெட்டி, அதையே அச்சாக வைத்துக் கீழ்ச்சட்டத்தையும் மேல்சட்டத்தையும் எடுத்தார் தச்சர். ஒவ்வொரு சட்டமும் 18 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு; மேலடுக்கின் இணைப்பு கீழடுக்கின் இணைப்புக்கு நேராக வராதபடி மாற்றி ஒட்டப்பட்டது. கீழ்ச்சட்டத்தைத் தரையில் பொருத்தியபின், தூக்குக்குண்டு விட்டுப் பல இடங்களில் பார்த்தே மேல்சட்டத்தைக் கூரையில் முடுக்கினோம்.

நிற்கும் சட்டங்களை 200 மி.மீ. இடைவெளியில் நெருக்கமாக நிறுத்தினோம். இடைவெளி கூடினால் மேலே அடிக்கும் மெல்லிய பலகை சட்டத்துக்குச் சட்டம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது அது அப்பட்டமாகத் தெரியும். உட்புறத்துக்கு 6 மி.மீ. பிளைவுட்டை, மேற்பரப்பின் இழையோட்டம் செங்குத்தாக நிற்கும்படி வைத்து, இரண்டு அடுக்காகப் பசையிட்டு ஒட்டினோம். அப்படி நிறுத்தினால் பலகை அதிகம் முரண்டு பிடிக்காமல் வளைகிறது.

வெளிப்புறத்துக்கு எதையும் வளைக்கவே இல்லை. 50 மி.மீ. அகல நேர்ப்பட்டைகளைச் செங்குத்தாக அடுத்தடுத்து அடித்தோம். இந்த ஆரத்தில் ஒரு பட்டையின் நடுவுக்கும் உண்மையான வளைவுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 0.12 மி.மீ. மட்டுமே என்பதால் கண்ணுக்கு முழு வளைவாகவே தெரிகிறது. பொருள் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தடுப்பின் கனம் 100 மி.மீ. என்பதால் வெளிப்புற நீளம் ஏறத்தாழ 2500, உட்புற நீளம் 2400 மி.மீ. என வெவ்வேறாக வந்தன.

சுவிட்சுப் பலகையை மட்டும் அடுத்திருந்த நேர்ச்சுவருக்கு மாற்றினோம். தட்டையான அதன் முகப்பு வளைவில் ஒட்டி உட்காராது.