இலவசம் என்று போட்டிருந்தும் அம்மா வாசலோடு நின்றுவிட்டார்

டிக்கெட் விலை குறைந்தால் மார்கழிக் கர்நாடக இசைக் கச்சேரிக்கு எல்லோரும் வருவார்கள் என்று சிலர் எழுதியிருந்ததைப் படித்தேன். எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது.

அம்மாவுக்குச் செய்யாறு பக்கம் ஒரு கிராமம். மூன்றாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். கல்யாணமாகிச் சென்னையில் பட்டினப்பாக்கம் வந்த பிறகு மயிலாப்பூரில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து எங்களை வளர்த்தார். கச்சேரிகளை நடத்தும் சபாக்களில் மதியக் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். ஆனால் அந்த நேரத்தில் அம்மா இரண்டாவது வீட்டுச் சமையல்கட்டில் இருப்பார். சாயங்காலக் கச்சேரி தொடங்கும்போது மூன்றாவது வீடு. ஒருநாள் லீவு போட்டால் சம்பளத்தில் கை வைப்பார்கள். இதையெல்லாம் யாரும் டிக்கெட் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுவதில்லை.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். ஒருநாள் ஒரு வீட்டில் ஊருக்குப் போய்விட்டதால் மதியம் வேலை இல்லை. வழியில் ஒரு சபா வாசலில் நின்றோம். எந்த சபா என்பது வேண்டாம். உள்ளே வயலின் சத்தம் கேட்டது. பலகையில் "அனுமதி இலவசம்" என்று எழுதியிருந்ததை நான்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா தன் புடவையை ஒருமுறை பார்த்தார். வாசலில் இருந்தவர் எங்களை ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். "நமக்கு என்ன தெரியும் இதுல, வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

அதே அம்மா ஊருக்குப் போனால் வேறு ஆள். எங்கள் பக்கம் திரௌபதை அம்மன் கோயிலில் வெயில் காலத்தில் பாரதம் நடக்கும். வயல் வேலை குறைந்திருக்கும் நேரம். பகலில் பிரசங்கியார் பாரதக் கதையை நாள் நாளாகச் சொல்வார், ராத்திரி அதே கதை தெருக்கூத்தாக வரும். படிப்பும் ஆட்டமும் ஒரே திடலில். அர்ச்சுனன் தபசுக்கு மரம் ஏறுவது, கடைசியில் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் படுத்திருப்பது, எல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். திரைக்குப் பின்னால் வேஷக்காரர் பாட ஆரம்பித்ததுமே யார் குரல், எந்த ஜமா, அதாவது எந்தக் கூத்துக் குழு, போன வருஷத்தைவிட இந்த வருஷம் எங்கே தொய்வு என்று சொல்லிவிடுவார். கதையை நடத்திச் சிரிக்க வைக்கும் கட்டியக்காரன் சொதப்பினால் கோபம் வந்துவிடும். படிப்பில்லாத பெண் என்று அந்தத் திடலில் யாரும் அம்மாவைச் சொல்ல முடியாது.

அப்புறம் எங்களுக்கு மயிலாப்பூரிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும் கண்ணகி நகரில் வீடு ஒதுக்கினார்கள். ராத்திரி ஒன்பதரைக்குக் கச்சேரி முடிந்து அங்கே பஸ் பிடித்துப் போவது என்பது நினைத்துப் பார்க்க முடியாத விஷயம்.

நான் படித்தேன், 2009இல் வேலைக்கும் போனேன். அந்த டிசம்பரில் என் சம்பளத்தில் ஒரு சாயங்காலக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கினேன். காசும் இருந்தது, டிகிரியும் இருந்தது. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, இரண்டும் உள்ளே ஒன்றும் செய்யவில்லை. பாட்டு தெலுங்கில், அடுத்தது சமஸ்கிருதத்தில். வார்த்தை இல்லாமல் ராகத்தை மட்டும் பாடும் ஆலாபனை முடிந்து எல்லோரும் கைதட்டும்போது பாட்டே முடிந்துவிட்டதாக நினைத்தேன். சுற்றி எல்லோருடைய கையும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. என்னைவிடக் குறைந்த சம்பளம் வாங்கும் என் கல்லூரித் தோழி, தன் வீட்டுக் கூடத்துக்குள் போவதுபோல அந்த அரங்குக்குள் நடப்பாள். அவள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே ரேடியோவில் இது ஓடிக்கொண்டிருந்தது. பட்டத்தைவிட அந்த ரேடியோ பெரிய படிப்பு என்று இப்போது நம்புகிறேன்.

அன்று பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு பாட்டி நான் விழிப்பதைக் கவனித்திருக்கிறார். ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் என் கையைப் பிடித்து ஆதி தாளம் சொல்லிக் கொடுத்தார். ஒரு தட்டு, அப்புறம் சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. அதைப் பிடித்துக்கொண்டதும் மீதிக் கச்சேரி எனக்கு வேறாகக் கேட்டது. அந்தப் பாட்டி மட்டும் அன்று பேசாமல் இருந்திருந்தால் நான் திரும்பப் போயிருக்கவே மாட்டேன். அடுத்த வருஷம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ்ப் பாட்டுகளுக்கென்றே நடக்கும் தமிழ் இசை விழாவுக்குப் போனேன். அந்த விழாவை நடத்தும் தமிழ் இசைச் சங்கத்தை 1943இல் எதற்காகத் தொடங்கினார்கள் என்பது, வார்த்தை புரிந்து கேட்ட அன்று எனக்கு விளங்கியது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2023 பொங்கலுக்கு, நாட்டுப்புறக் கலை விழாவான சென்னை சங்கமம் மறுபடி தொடங்கியபோது அலுவலக நண்பர்கள் நாலு பேரோடு அம்மாவையும் கூட்டிப் போனேன். தெருக்கூத்து நடந்தது. எம்.பி.ஏ., எம்.டெக். படித்தவர்கள், கால் மணி நேரத்தில் போனை எடுத்துவிட்டார்கள். "ஒண்ணும் புரியல, கிளம்பலாமா" என்றார் ஒருவர். சபா வாசலில் அம்மா சொன்ன அதே வார்த்தைதான். அம்மா அவரை உட்காரச் சொல்லி, இது கர்ணன், அது அவன் பொண்டாட்டி பொன்னுருவி, ஏன் அவள் அவனைப் போருக்கு அனுப்ப மாட்டேன் என்கிறாள் என்று காதோரமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நாலு பேரும் கடைசி வரை இருந்தார்கள்.

போன மார்கழியில் அம்மாவை ஒரு மதியக் கச்சேரிக்கு அழைத்துப் போனேன். இப்போது வேலைக்குப் போவதில்லை, நேரம் இருக்கிறது. வாசலில் கொஞ்சம் தயங்கினார், நான் கையை விடவில்லை. முதல் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதிப் பேர் கேன்டீனுக்கு எழுந்து போனார்கள். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். கூத்திலும் மிருதங்கம் உண்டே. வாசிப்பு ஏற ஏற என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"கர்ணன் திரைக்குப் பின்னால வந்து நிக்கிறப்ப இப்படித்தான் அடிப்பாங்க" என்றார்.