ஆலை சர்வருக்கு வார் ஃபைலே போதுமா, கன்டெய்னருக்கு மாறலாமா?

பாளை_ஜாவா:
அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் நெல் ஆலைகளுக்கு எடைச்சீட்டு, பில் போடும் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். சின்ன டீம். ஜென்கின்ஸ் (தானாக பில்டு செய்யும் கருவி) எங்கள் ஆப்பை வார் ஃபைலாக, அதாவது ஜாவா வெப் ஆப்பின் ஒற்றைப் பொதியாக, கட்டித் தரும். அதை ஒவ்வொரு ஆலையின் லினக்ஸ் சர்வருக்கும் அனுப்பி, ஆப்பை ஓட்டும் டாம்கேட்டை நிறுத்தி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவோம். போன வாரம் ஓர் ஆலையில் யாரோ ஜாவா 11 ஏற்றிவிட்டார்கள். எங்கள் கோடு ஜாவா 8. ஜேஏஎக்ஸ்பி (JAXB, எக்ஸ்எம்எல் டேட்டாவைக் கையாளும் லைப்ரரி) கிளாஸைக் காணோம் என்று எரர்; எடைச்சீட்டு வராமல் நெல் லாரிகள் ரோடு வரை நின்றன. ஆப்பையும் அதற்குத் தேவையானதையும் ஒரே கன்டெய்னராக ஓட்டும் டாக்கருக்குப் போனால் இது தீருமா? டீமில் ஒருவர், பல சர்வர்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸே போடலாம் என்கிறார். ஆலைகளில் நெட் சுமார்தான்.

தென்காசி_அண்ணாச்சி:
தீரும் தம்பி. ஜேஏஎக்ஸ்பியை ஜாவா 11-ல் எடுத்தே விட்டார்கள், அதுதான் விழுந்தது. உங்கள் பைப்லைன் (கட்டி அனுப்பும் முறை) கொண்டுபோவது வார் ஃபைலை மட்டும். ஜாவா, டாம்கேட், ஃபான்ட் எல்லாம் அந்தந்த ஆலையில் என்ன கிடக்கிறதோ அதுதான். கன்டெய்னரில் இவை எல்லாம் இமேஜுக்குள்ளேயே, அதாவது கன்டெய்னரை எழுப்பும் பொதிக்குள்ளேயே, போகும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மட்டும் ஆலை சர்வரில் உள்ளது.

ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். டெஸ்ட் செய்த இமேஜ் எதுவோ, அதேதான் ஆலைக்குப் போக வேண்டும். ஆலைக்கு ஆலை தனியாக பில்டு செய்தால் டாக்கர் போட்டும் பலன் இல்லை. ஆலையின் பெயர், டேட்டாபேஸ் முகவரி எல்லாம் வெளியிலிருந்து என்விரான்மென்ட் வேரியபிளாக வரட்டும். அடிப்படை இமேஜுக்கு 'லேட்டஸ்ட்' என்று எழுதவே எழுதாதீர்கள்; புதிய டாம்கேட் வந்துவிடும். டாம்கேட் 10-லிருந்து ஜாவாக்ஸ் (javax) பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா (jakarta) ஆகிவிட்டன, உங்கள் ஆப் எழும்பாது. டாம்கேட் 9, ஜாவா 8 என்று குறிப்பிட்டு எழுதுங்கள். டைம்சோனையும் பாருங்கள். இமேஜ் பெரும்பாலும் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும், எடைச்சீட்டில் நேரம் ஐந்தரை மணி பின்னால் விழும். ஆலைக்காரர் அதற்கு விடமாட்டார்!

சுமார் நெட்டுக்கு, இமேஜின் அடுக்குகளான லேயர்தான் கைகொடுக்கும். மாறிய லேயர் மட்டுமே இறங்கும். வாரை அப்படியே காப்பி செய்தால் ஒரு வரி மாற்றத்துக்கும் முழு வாரும் போக வேண்டியிருக்கும். அதைப் பிரித்து, லைப்ரரி ஜார்களை முதலில் ஒரு லேயராகவும் உங்கள் கிளாஸ்களை அடுத்த லேயராகவும் வையுங்கள். நெட் ரொம்ப மோசம் என்றால் இமேஜை டாக்கர் சேவ் போட்டு ஃபைலாக்கி, பென்டிரைவில் கொண்டுபோய் லோடு செய்துவிடலாம்.

குபெர்னெட்டிஸ் வேண்டாம். ஆலைக்கு ஒரு சர்வர்தானே? ஒரே சர்வரில் கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் காம்போஸ் போதும். ரீஸ்டார்ட்டை 'ஆல்வேஸ்' என்று வைத்து, டாக்கர் சர்வீஸையும் பூட்டில் தானாக எழும்பும்படி செய்துவிட்டால், கரண்ட் போய் வந்தாலும் ஆள் தேவையில்லை.

வண்ணார்பேட்டை_டிபிஏ:
அண்ணாச்சி சொன்னதோடு டேட்டாபேஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய இமேஜுக்குத் திரும்புவது சுலபம், டேபிள் அப்படித் திரும்பாது. புதிய வெர்ஷன் டேபிளில் ஒரு நெடுவரிசையை (column) நீக்கியிருந்தால் பழைய இமேஜ் அதைத் தேடி விழும். சேர்ப்பதை இந்த ரிலீஸில் செய்யுங்கள். நீக்குவதை, யாரும் பின்னால் போகமாட்டார்கள் என்று உறுதியான பிறகு செய்யுங்கள். டேட்டா கண்டிப்பாக வால்யூமில் (கன்டெய்னருக்கு வெளியே உள்ள சேமிப்பிடம்) இருக்கட்டும். கன்டெய்னருக்குள் வைத்தால், அதை அழிக்கும்போது ஆலையின் கணக்கும் போய்விடும்.

பாளை_ஜாவா:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. வேபிரிட்ஜ் எடை சீரியல் போர்ட்டில் வருகிறது, அது கன்டெய்னருக்குத் தெரியுமா? அறுவடை நேரம் வேறு. உடனே மாற முடியாது.

தென்காசி_அண்ணாச்சி:
தானாகத் தெரியாது. காம்போஸ் ஃபைலில் டிவைஸ் என்று அந்த போர்ட்டைக் கொடுத்தால் தெரியும். அறுவடை முடியும்வரை மாறவே வேண்டாம். இப்போதைக்கு ஜாவா 8-ஐ உங்களுக்கென்று தனி ஃபோல்டரில் விரித்து வைத்து, டாம்கேட்டின் செட்என்வ் (setenv.sh) ஸ்கிரிப்டில் ஜாவா ஹோமை (JAVA_HOME) அங்கே காட்டுங்கள். அப்புறம் யார் எந்த ஜாவாவை ஏற்றினாலும் உங்கள் ஆப்பைத் தொடாது. இதை எல்லா ஆலையிலும் இந்த வாரமே செய்துவிடுங்கள்.